மறுபடி மறுபடி ஏர்: கிளட்ச் பெடல் சொல்லும் புகார்

முகூர்த்த நாளில் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கார் ஓட்டியவர்களுக்கு, கிளட்ச் பெடலை எத்தனை முறை மிதிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வைகாசி கருட சேவைக்குச் சின்ன காஞ்சிபுரம் பக்கம் போனாலும் இதே கதைதான். 2019இல் அத்தி வரதர் வைபவம் நடந்த 48 நாளும் ஊர் முழுவதுமே அப்படித்தான் நகர்ந்தது. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் வரும்போது ஒளிந்திருக்கும் கோளாறு, இந்தத் தெருக்களில் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறது. பெடல் உள்ளே போய்விடுகிறது, முதல் கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸில் கரகரவென்று சத்தம் வருகிறது.

பக்கத்துப் பட்டறையில் ஏர் எடுக்கிறார்கள், பெடல் கெட்டியாகிறது, வண்டி கிளம்பிவிடுகிறது. பத்துப் பதினைந்து நாளில் அதே வண்டி திரும்பி வந்து நிற்கிறது. "அண்ணே, மறுபடியும் கிளட்ச் உள்ள போயிடுது." மறுபடியும் ஏர் எடுக்கிறார்கள். இந்தப் பழக்கத்தை நம் தொழில் விட்டாக வேண்டும் என்பதற்காகவே இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

ஹைட்ராலிக் கிளட்ச் மூடிய அமைப்பு. ஏர் அதற்குள் தானாகப் பிறப்பதில்லை, எங்கோ ஒரு வழியில் நுழைகிறது. நிப்பிளைத் திறந்து குமிழியை வெளியேற்றினால் அறிகுறிதான் போகிறது, அது நுழைந்த வாசல் திறந்தபடியே இருக்கிறது. பிள்ளையார்பாளையத்துத் தறியில் பாவு இழை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால், நெசவாளர் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருப்பதில்லை. அந்த இடத்து அச்சையும் விழுதையும் பார்க்கிறார். நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு ஏர் இருந்தால் தொல்லை? ஒரு கணக்கு போடுவோம். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 5/8 அங்குலம், பிஸ்டன் நகர்வது 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மிதிக்கு வெளியே தள்ளப்படும் ஆயில் ஆறு சிசி கூட இல்லை. அழுத்தம் ஏறும்போது ஒரு சிசி காற்று ஏறக்குறைய முழுவதுமாகச் சுருங்கிவிடும். அதாவது பெடலின் ஓட்டத்தில் ஆறில் ஒரு பங்கு வீண். பிளேட் முழுமையாக விடுபடாமல் இருக்க இதுவே போதும்.

"எங்கும் ஆயில் கசியவில்லை, அப்புறம் ஏர் எப்படி நுழையும்?" என்ற கேள்வியைப் பலமுறை கேட்டுவிட்டேன். வாஷரின் உதடு அழுத்தம் வரும் பக்கம் நோக்கி அமைந்தது. மிதிக்கும்போது அந்த அழுத்தமே உதட்டைச் சுவரோடு ஒட்டவைக்கிறது, ஆகவே ஒரு சொட்டும் வெளியே வராது. பெடலைச் சட்டென்று விடும்போதோ, ஒரு கணம் உள்ளே அழுத்தம் குறைந்து உதடு தளர்கிறது. சிலிண்டரின் போரில் கீறலோ துருவோ இருந்தால் அந்தக் கணத்தில் காற்று உள்ளே இழுக்கப்படும். ஈரம் உறிஞ்சிய பழைய பிரேக் ஆயில்தான் பெரும்பாலும் அந்தத் துருவுக்குக் காரணம். அப்படித் துருப்பிடித்த சிலிண்டருக்கு வாஷர் கிட் மட்டும் மாற்றுவது பயனற்ற வேலை.

நாம் அதிகம் கவனிக்காத வாசல் ஒன்று மேலேயே இருக்கிறது. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில் டேங்க்தான். கிளட்ச் ஹோஸ் புறப்படும் வாய் டேங்கின் பக்கவாட்டில் சற்று உயரத்தில் இருக்கும். கிளட்ச் பக்கம் கசிந்து ஆயில் தீர்ந்தாலும் பிரேக்குக்கு மிச்சம் இருக்கட்டும் என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் பிரேக் பேட் தேயத் தேய டேங்கில் மட்டம் இறங்கும். மேட்டிலோ வளைவிலோ அந்த வாய் ஒரு கணம் ஆயிலுக்கு மேலே வந்தால் கிளட்ச் காற்றைக் குடிக்கும், பிரேக்கில் எந்தக் குறையும் தெரியாது. கிளட்ச் புகாரோடு வரும் வண்டியில் பிரேக் பேடையும் பார்க்கச் சொல்வது இதனால்தான். டேங்கிலிருந்து மாஸ்டருக்கு வரும் ஹோஸின் இரு முனைகளையும் கையால் வளைத்துப் பாருங்கள். அங்கே அழுத்தம் கிடையாது. வெடிப்பு இருந்தால் ஆயில் சற்றே வியர்க்கும், அவ்வளவுதான்.

கோளாறு எப்போது வருகிறது என்பதும் வழி காட்டும். இரவு நின்ற வண்டியில் காலையில் பெடல் இறங்கியிருந்து, நாலு முறை மிதித்ததும் ஏறினால் காற்றைச் சந்தேகிக்கலாம். நெரிசலில் சூடேறிய பிறகு மட்டும் இறங்கி, ஆறியதும் சரியானால் ஆயிலையே சந்தேகிக்க வேண்டும். புதிய டாட் 3 ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ். ஈரம் 3.7 சதவீதம் ஏறிவிட்டால் 140 டிகிரி இருந்தால் போதும் என்றுதான் தரவிதியே சொல்கிறது. டாட் 4 ஆயிலுக்கு இவை 230, 155. பெடலை மிதித்து அழுத்தியே வைத்திருக்கும்போது, வண்டி மெல்ல மெல்ல நகரத் தொடங்கினால் காற்று காரணமல்ல. மாஸ்டரின் உள் வாஷர் ஆயிலைப் பின்னால் விடுகிறது.

எந்தப் பாதியில் கோளாறு என்று பிரிக்காமல் எதையும் கழற்றாதீர்கள். மாஸ்டரின் வெளிவாயைச் சரியான பிளக் போட்டு அடைத்து மெதுவாக மிதியுங்கள். பெடல் கல்லாக நின்றால் மாஸ்டர் அநேகமாக நல்ல நிலையில் இருக்கிறது, கீழே தேட வேண்டும். ரப்பர் ஹோஸை மொண்ணைக் கிளாம்ப்பால் கவ்வியும் இதைப் பார்க்கலாம், கட்டிங் பிளேயர் மட்டும் வேண்டாம். மிதிக்கும்போது ஹோஸ் உப்புகிறதா, பெடல் புஷ் தேய்ந்திருக்கிறதா, ஃபோர்க்கில் வெடிப்பா என்பதையும் பாருங்கள். இவை எல்லாம் ஏர் போலவே வேஷம் போடும்.

ஏர் முழுமையாக வெளியேறாமல் நின்றுவிடுவதும் உண்டு. மாஸ்டரின் முன்முனை மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் குமிழி அங்கேயே தங்கும், கீழே நிப்பிளில் எவ்வளவு எடுத்தாலும் வராது. கீழிருந்து சிரிஞ்சால் ஆயிலை மெதுவாக மேலே ஏற்றுங்கள், டேங்க் நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேக்குவம் பம்ப் வைப்பவர்கள் நிப்பிள் மரை வழியே வரும் பொய்க் குமிழியைக் கண்டு ஏமாற வேண்டாம்.

டேங்க் மூடியில் உள்ள ரப்பர் உப்பித் தளர்ந்திருந்தால், யாரோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ இன்ஜின் ஆயிலோ ஊற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகியுங்கள். அது உறுதியானால் ஆயில் தொட்ட ரப்பர் பாகம் அத்தனையும் மாற வேண்டும். ஏர் எடுத்து அந்த வண்டியைக் காப்பாற்ற முடியாது.

பெல் ஹவுசிங்குக்குள் சிலிண்டர் உள்ள வண்டிகளுக்குக் கூடுதல் நிதானம் தேவை. கியர்பாக்ஸை இறக்கச் சொல்வது வாடிக்கையாளரின் ஒரு மாத வருமானத்தைக் கேட்பது போல. பிளக் சோதனை முடித்து, பெல் ஹவுசிங்கின் அடியில் ஆயில் ஈரம் பார்த்து, உறுதியான பிறகே சொல்லுங்கள். பிளேட்டுக்காக இறக்கும்போது அந்தச் சிலிண்டரையும் மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றி முடுக்கும்வரை யாரும் பெடலைத் தொடக்கூடாது. தொட்டால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார்கள் உருவாகும் மாவட்டம் இது. அந்தக் கார்களைப் பத்து, பதினைந்து ஆண்டு ஓடவைப்பது உங்கள் பட்டறைகள்தான். ஆகவே ஒரு வேண்டுகோள். கோளாறு கண்டுபிடிப்பதற்குத் தனிக் கூலி கேளுங்கள், அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஏர் எடுத்த தேதியையும் டேங்கில் ஆயில் மட்டத்தையும் ஜாப் கார்டில் எழுதுங்கள். அதே வண்டி அதே புகாரோடு இரண்டாம் முறை வந்தால், காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை நிப்பிளைத் திறக்காதீர்கள்.