அப்பாவின் நடுநிசி இருமல்



சென்ற மாதம் எங்கள் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நடந்தது. என் வகுப்பறை மாடியில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் படியேறி வந்து நாற்காலியில் அமர்ந்தவர், ஐந்து நிமிடம் வாய் திறக்கவில்லை. கைப்பையிலிருந்து நீல நிறப் பம்பு ஒன்றை எடுத்து, வாயில் வைத்து இரண்டு முறை இழுத்தார். மூச்சு சீரான பிறகு, "மன்னிச்சிடுங்க டீச்சர். இது எங்க பரம்பரை இளைப்பு. எங்கப்பாவுக்கும் இருந்துச்சு. மாசம் ஒரு பம்பு ஃபார்மசியில வாங்கிடுவேன்" என்றார்.

"டாக்டரிடம் காட்டினீர்களா அம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்கு டீச்சர்? அதான் இளைப்புன்னு தெரியுமே!" என்று சிரித்தார்.

அந்தச் சொல் வீடு வரைக்கும் என் கூடவே வந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் எல்லாருக்கும் எல்லாம் 'தெரிந்துதான்' இருந்தது.

எங்கள் பள்ளி இன்று பெயரளவில்தான் தோட்டப் பள்ளி. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகளும் நெடுஞ்சாலையும் வந்துவிட்டன. நான் சிறுமியாக இருந்தபோது பூச்சோங்கில் ரப்பர் மரங்களும் ஈய லம்பங்களும் இருந்தன. என் அப்பா பால்மரம் வெட்டுபவர். 1986-ஆம் ஆண்டு, எனக்கு ஏழு வயது. அப்பாவுக்கு ஓர் இருமல் பிடித்தது. பகலில் நன்றாகத்தான் இருப்பார். இரவு ஒரு மணிக்கு மேல் தொடங்கினால் விடியும் வரை ஓயாது. நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். லயத்து வீடுகளுக்கு இடையே பலகைச் சுவர்தானே! பக்கத்து வீட்டுக்காரர்களும் எங்களோடு சேர்ந்து விழித்திருந்தார்கள்.

தோட்டத்து டிரசர் இருமல் மருந்து கொடுத்தார். கேட்கவில்லை. பட்டணத்தில் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். நுரையீரல் முழுதும் பொடிப் பொடியாக நிழல் தெரிந்தது. அவ்வளவுதான், 'சயரோகம்' என்று மறுநாளே லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பாட்டி அப்பாவுக்கென்று தனியாக ஒரு நீல எனாமல் கோப்பையை எடுத்து வைத்தார். பாயும் தனியாகப் போயிற்று. "அப்பா மடியில உட்காரக் கூடாது" என்று எனக்கு உத்தரவு. பாட்டி கெட்டவர் அல்ல. அவருக்குத் தெரிந்ததைச் செய்தார்.

சளியைச் சோதித்தார்கள். காசநோய்க் கிருமி இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் மட்டும் அதோடு விடாமல், இரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களை வகை பிரித்து எண்ணச் சொன்னார். ஈசினோபில் என்று ஒரு வகை அணு உண்டு. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் அது சாதாரணமாக 500-க்குள் இருக்கும். அப்பாவுக்கு 3,000-ஐயும் தாண்டியிருந்தது. மூன்று வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். முதல் வாரம் முடிவதற்குள் எங்கள் லயம் நிம்மதியாகத் தூங்கியது.

அந்த மூன்று வார மாத்திரைக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருந்தது என்பதை, நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த பிறகுதான் படித்து அறிந்தேன்.

மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்ற இடத்தில் காசநோய் மருத்துவமனை ஒன்று உண்டு. அங்கே பணியாற்றிய ஃப்ரிமோட்-மோலர், பார்ட்டன் என்ற இரு டாக்டர்கள், காசநோய் என்று அனுப்பப்பட்டவர்களில் சிலருக்கு அந்நோயே இல்லை என்பதையும், அவர்கள் இரத்தத்தில் ஈசினோபில் மிகுந்திருப்பதையும் கண்டு 1940-இல் எழுதினார்கள். 1943-இல் வைன்கார்ட்டன் என்ற டாக்டர், இந்தியாவில் தாம் கண்ட 81 நோயாளிகளைப் பற்றி எழுதி, இதற்கு 'வெப்பமண்டல ஈசினோபிலியா' என்று பெயர் வைத்தார். வேறொரு நோய்க்காகக் கொடுத்த ஆர்சனிக் மருந்தில் இந்த இருமலும் நின்றுபோனதைத் தற்செயலாகக் கண்டவர் அவர். ஆனால் நோய்க்குக் காரணம் எது என்பது அப்போதும் விளங்கவில்லை.

இந்த இடத்தில்தான் நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய ஒருவர் வருகிறார். அவர்தான் பேராசிரியர் டி. ஜே. தனராஜ். மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் மருத்துவத் துறைக்கு முதல் தலைவராக இருந்தவர். அங்குள்ள மருத்துவ நூலகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோலாலம்பூருக்கு வருமுன் அவர் சிங்கப்பூரில் பணியாற்றினார். அங்கே இந்த இருமலோடு வந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர். யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுவுக்குக் கொடுக்கப்படும் டைஎத்தில்கார்பமசின் மாத்திரையை அவர்களுக்குக் கொடுத்து, கிடைத்த பலனை 1958-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, இரத்தச் சோதனையும் ஃபைலேரியாவையே சுட்டுகிறது என்று எழுதினார்.

ஆனால் புழுவைக் கண்ணால் பார்க்க வேண்டுமே! நோயாளிகளின் இரத்தத்தில் தேடினால் பெரும்பாலும் அகப்படுவதில்லை. 1960-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் ஆகியோர் நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கட்டிகளில் புழுவின் நுண் குஞ்சுகளைக் கண்டார்கள். 1966-இல் தனராஜும் அவருடைய குழுவினரும் நுரையீரல் துணுக்குகளை ஆராய்ந்து அதையே உறுதி செய்தார்கள். அக்குழுவில் இருந்த நோயியல் பேராசிரியர் சண்முகரத்தினம், 2023-இல் சிங்கப்பூர் அதிபரான தர்மன் சண்முகரத்தினத்தின் தந்தையார்.

விளக்கம் எளிது. கொசு கடிக்கும்போது புழு உடலில் புகுகிறது. அது ஈனும் நுண் குஞ்சுகள் நுரையீரலில் சிக்கிக்கொள்கின்றன. சிலருடைய உடல் அவற்றை அளவுக்கு மீறி எதிர்க்கிறது. அந்தச் சண்டையே இருமலாகவும் இளைப்பாகவும் வெளிப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறிக் கெட்டுவிடும். வேலூரிலும் சிங்கப்பூரிலும் ஏதோ ஒரு கட்டிலில் படுத்து, தம் உடலின் துணுக்கைச் சோதனைக்குக் கொடுத்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் அப்பா மறுபடியும் என்னை மடியில் வைத்துக்கொண்டதற்கு அவர்களும் காரணம்.

சரி, மாணவியின் தாயாருக்கு வருவோம். அவருக்கும் அதே நோய் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே இளைப்போடு வருகிறவர்களில் பலருக்கு இருப்பது ஆஸ்துமாதான். ஆனால் ஆஸ்துமாவிலும், 'பெயர் தெரிந்துவிட்டது, போதும்' என்று இருந்துவிடக் கூடாது என்றே ஆராய்ச்சி சொல்கிறது.

நீலப் பம்பு சுருங்கிய மூச்சுக் குழாயைச் சற்று நேரம் தளர்த்திவிடும். குழாயின் உட்புறத்தில் உள்ள வீக்கத்தை அது தொடுவதே இல்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைப்பதைப் போன்றது அது. கூரையைச் செப்பனிட வேறு மருந்து வேண்டும். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு அதைச் செய்கிறது. 2018-இல் பல நாடுகளில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வெளிவந்தன. லேசான ஆஸ்துமா உள்ள 8,000-க்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் பங்கெடுத்தார்கள். ஓர் ஆய்வில், தேவைப்படும்போது இழுக்கும் பம்பிலேயே ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தவர்களுக்கு, வெறும் தளர்த்தும் மருந்தை மட்டும் இழுத்தவர்களைவிடக் கடுமையான தாக்குதல்கள் 64 விழுக்காடு குறைந்தன. 'ஜீனா' எனும் உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழு, நீலப் பம்பை மட்டும் நம்பியிருக்கும் சிகிச்சை வேண்டாம் என்று 2019-இல் அறிவித்துவிட்டது. ஆண்டுக்கு மூன்று நீலப் பம்புகள் தீர்ந்தாலே கடும் தாக்குதலுக்கான ஆபத்து கூடுகிறது. பன்னிரண்டு தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்பது அக்குழுவின் எச்சரிக்கை. மாதம் ஒன்று என்றால் ஆண்டுக்கு எத்தனை? என் மூன்றாம் ஆண்டு மாணவிகூட விரல் விட்டுச் சொல்லிவிடுவாள்.

இன்னொரு செய்தி. அப்பாவின் இரத்தத்தில் எண்ணப்பட்ட அதே ஈசினோபிலை இன்று ஆஸ்துமா டாக்டர்களும் எண்ணுகிறார்கள். அந்த அணுவைக் குறைக்கும் மெப்போலிசுமாப் என்ற ஊசியை எல்லா ஆஸ்துமாக்காரர்களுக்கும் பொதுவாகக் கொடுத்துப் பார்த்தபோது பெரிய பலன் தெரியவில்லை. ஈசினோபில் மிகுந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து இங்கிலாந்தின் லெஸ்டரிலும் கனடாவின் ஹாமில்டனிலும் நடத்திய ஆய்வுகள் 2009-இல் வெளிவந்தன. அவற்றில் தாக்குதல்கள் குறைந்தன. மருந்து அதேதான். யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியைச் சரியாகக் கேட்டதால் பலன் கிடைத்தது.

ஆகவே தாய்மார்களே, ஐயாமார்களே, வீட்டில் யாருக்காவது இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருமலோ இளைப்போ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம். இருமல் பகலிலா, இரவிலா, எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். வேலை இடத்தில் தூசி, புகை, இரசாயன வாடை உண்டா என்பதையும், அண்மையில் ஊருக்குப் போய் வந்தீர்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சளியும் இரத்தமும் சோதிக்க வேண்டுமா என்று நீங்களே கேட்கலாம், தவறில்லை. ஈசினோபில் கூடியிருக்கிறது என்றதும் நீங்களாகவே மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். குடல் புழுவாலும் ஒவ்வாமையாலும்கூட அது கூடும்.

அந்தத் தாயாரை நானே சனிக்கிழமை கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். குழாயில் ஊதச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். ஆஸ்துமாதான் என்று உறுதியாயிற்று. ஸ்டீராய்டுப் பம்பும், அதை எப்படி இழுக்க வேண்டும் என்ற பாடமும் கிடைத்தன. இழுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதும் அந்தப் பாடத்தில் ஒன்று. போன வாரம் மகளை அழைக்க வந்தவர், மாடிக்கு வந்து நின்றபடியே பேசினார்.

அப்பாவுக்கு இப்போது வயது எழுபத்தைந்துக்கு மேல். குணமான பிறகு பாட்டி அந்த எனாமல் கோப்பையைத் தூக்கி எறியப் போனாராம். அப்பா தடுத்து வாங்கி வைத்துக்கொண்டார். இன்றும் காலைத் தேநீர் அவருக்கு அதில்தான்.