சட்டம் சிறு கைவினைஞரையும் பார்க்கட்டும்

2006-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸில், காலணியோடு இலவசமாக வந்த கைச்சங்கிலியின் பதக்கத்தை விழுங்கிய நான்கு வயதுக் குழந்தை ஈய நச்சால் இறந்தது. மறு ஆண்டே, பூச்சில் ஈயம் இருந்ததால் மேட்டல் நிறுவனம் லட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. கடுமையான சட்டம் தேவைப்பட்டது, 2008-ல் வந்தது.

ஆனால் அது வீட்டில் மரப்பொம்மை செதுக்குபவரையும் பெருநிறுவனத்தையும் ஒரே தட்டில் வைத்தது. ஒவ்வொரு வகைக்கும் வெளி ஆய்வகச் சோதனை என்றால், பத்துப் பொம்மை விற்பவருக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? மேட்டலுக்கோ சொந்த ஆய்வகங்களிலேயே சோதிக்க அனுமதி கிடைத்தது. இது அநீதி.

2011-ல் சிறு உற்பத்தியாளருக்குச் சில வெளிச் சோதனைகளிலிருந்து விலக்கு தரப்பட்டது. ஆனால் ஈய வரம்பு அவர்களுக்குத் தளர்த்தப்படவில்லை. வண்ணப்பூச்சுக்கும் குழந்தைகளின் உலோக நகைக்கும் வெளிச் சோதனை இன்றும் கட்டாயம்.

அதுவே சரியான கோடு. கைவினைப் பொம்மை வாங்குவோரும் என்ன பூச்சு என்று தயங்காமல் கேட்க வேண்டும்.