ஐந்நூறு மைலை முடிப்பதா பயணம்?

ஸ்காட்லாந்தின் வடகோடியில் 'நார்த் கோஸ்ட் 500' என்றொரு சாலை வட்டம் இருக்கிறது. இன்வர்னெஸ் நகரத்தில் தொடங்கி, மேற்குக் கடற்கரை மலைகளைப் பிடித்து, வடக்கே டர்னெஸ், தர்சோ, ஜான் ஓ'குரோட்ஸ் என்று சுற்றி, கிழக்குக் கரை வழியாக மறுபடி இன்வர்னெஸுக்கே வந்து சேரும். மொத்தம் 516 மைல், அதாவது சுமார் 830 கிலோமீட்டர். சாலைகள் எதுவும் புதிதல்ல. ஏற்கெனவே கிடந்த பழைய சாலைகளையெல்லாம் ஒரு கயிற்றில் கோர்த்து, 2015-ல் ஒரு பெயர் வைத்தார்கள். அவ்வளவுதான். அந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

கார் பயணம் என்றாலே உற்சாகமாகிவிடுகிற ஆட்கள் உண்டு. வரைபடத்தை விரிப்பார்கள், 516-ஐ நான்கால் வகுப்பார்கள், நாளைக்கு 129 மைல் என்று விடை வரும். "இவ்வளவுதானா? நாலு நாளில் முடிச்சிடலாம்!" என்று கேம்பர் வேனுக்கு முன்பணம் கட்டிவிடுவார்கள். கணக்கு சரிதான், திட்டம்தான் தப்பு. இந்த வட்டத்தை முழுசாக முடிக்க வேண்டும் என்று கிளம்புகிறவருக்குப் பார்க்கக் கிடைப்பது குறைவு. அங்கே வாழ்கிறவர்களுக்கு அவர் கொடுக்கிற தொல்லையோ அதிகம். பாதி வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதே நாட்களை அதில் செலவழிப்பதுதான் நல்ல திட்டம். ஏன் என்று பார்ப்போம்.

மைல் கணக்கு அங்கே செல்லாது

மேற்கிலும் வடக்கிலும் பெரும்பகுதி ஒற்றைத் தடச் சாலை. ஒரு வண்டி போகிற அகலம்தான். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்க வேண்டும். அதற்காகக் கொஞ்ச தூரத்துக்கு ஒரு ஒதுங்குமிடம் விட்டு, வெள்ளைப் பலகை நட்டிருப்பார்கள். ஒதுங்குமிடம் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் போய் நிற்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே சாலையிலேயே நின்று, எதிரே வருகிறவரை அதற்குள் போய்வர விட வேண்டும். பின்னால் வேகமாக வருகிறவருக்கும் அதே இடத்தில்தான் வழிவிட வேண்டும். அங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகக் கூடாது. இது மரியாதை மட்டுமல்ல, பிரிட்டனின் சாலை விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

இப்படிப்பட்ட சாலையில் மணிக்கு 25, 30 மைல் சராசரி கிடைத்தாலே பெரிய விஷயம். செம்மறி ஆடு குறுக்கே படுத்திருந்தால் அதுவும் போச்சு. ஆக 129 மைல் என்பது கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் இருப்பது. ஓட்டுகிறவருக்கு மலை ஏது, கடல் ஏது? பக்கத்து இருக்கைக்காரர் "அங்க பாரு, அங்க பாரு" என்று சொல்வதைக் கேட்கும் பாக்கியம்தான் அவருக்கு.

பியாலக் நா பா என்ற கணவாயையே எடுத்துக்கொள்வோம். கேலிக் மொழியில் 'மாடுகளின் கணவாய்' என்று பொருள். கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் உயரத்துக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஆப்பிள்கிராஸ் கிராமத்தில் இறங்குகிறது. சில இடங்களில் ஐந்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களும், மிகப் பெரிய வண்டிகளும், கேரவன்களும் வர வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பெரிய பலகை இருக்கிறது. அதைப் படித்துவிட்டும் நீள வண்டியை ஏற்றி, நடு வளைவில் மாட்டிக்கொண்டு, முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் இரண்டு பக்கமும் வரிசை நிற்க வைக்கிறவர்கள் உண்டு. கடற்கரையை ஒட்டி வேறு சாலை இருக்கிறதே, அதில் போகலாமே என்றால், "அது லிஸ்ட்ல இல்லையே!"

அந்தச் சாலை யாருடையது?

ஆப்பிள்கிராஸுக்கு அந்தக் கரைச் சாலை முழுசாக வந்ததே 1970களில்தான். அதுவரை கார் போக இருந்த ஒரே வழி அந்தக் கணவாய். பனி விழுந்து அடைத்துக்கொண்டால் சாலை வழி போக்குவரத்தே இல்லை. ஒரு சாலை வருவது அந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதில் புரியும்.

இன்னும் நன்றாகப் புரிய வேண்டுமானால் கணவாயின் உச்சியில் நின்று மேற்கே பார்க்க வேண்டும். கடலுக்கு நடுவே நீளமாகத் தெரிகிற தீவு ராசே. அதன் வடகோடியில் ஆர்னிஷ் என்ற இடத்தில் கேலம் மக்லௌட் என்பவர் இருந்தார். ஊருக்குச் சாலை போட்டுத் தாருங்கள் என்று அந்தப் பகுதி மக்கள் பல காலம் கேட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. 1960களின் நடுவில் அவரே கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டியோடு இறங்கிவிட்டார். சாலை போடுவது எப்படி என்று ஒரு பழைய புத்தகத்தை வாங்கிப் படித்தார். சுமார் பத்து வருட உழைப்பில் ஒன்றேமுக்கால் மைல் சாலை உருவானது. முடிக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் அவரையும் மனைவியையும் விட்டால் ஆளே கிடையாது என்கிற நிலை. பிற்பாடு, 1982-ல்தான் அரசுத் தரப்பில் அதற்குத் தார் போட்டார்கள். 1988-ல் அவர் இறந்தார். ராசே இந்த 500 மைல் வட்டத்தில் இல்லை. ஆனால் அந்த வட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு சாலையையும் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இன்றைய கதைக்கு வருவோம். வடகிழக்கு மூலையில் விக் என்ற ஊர். அங்குள்ள மருத்துவமனையின் பிரசவப் பிரிவு 2016-ல் மருத்துவர் இல்லாமல் செவிலியரே நடத்தும் பிரிவாக மாற்றப்பட்டது. அதன் பிறகு அந்தப் பகுதியின் பெரும்பாலான தாய்மார்கள் பிள்ளை பெற இன்வர்னெஸுக்குத்தான் போகிறார்கள். நூறு மைலுக்கு மேல். அவர்கள் போகிற வழிதான் இந்த வட்டத்தின் கிழக்குப் பாதை. அதில் பெரிடேல் என்ற இடத்தில் இருந்த பயங்கரமான கொண்டை ஊசி வளைவை 2020-ல்தான் வெட்டித் திருத்தினார்கள். சுற்றுலா வருகிறவருக்கு அது 'அழகான கடலோரப் பாதை'. வலி எடுத்துக் காரில் படுத்திருக்கிற பெண்ணுக்கு அதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரே வழி. முன்னால் ஒரு கேம்பர் வேன் வேடிக்கை பார்த்துக்கொண்டு 20 மைல் வேகத்தில் ஊர்ந்தால் எப்படி இருக்கும்?

ஆளில்லாத அழகு எங்கிருந்து வந்தது?

விளம்பரப் படங்களில் எப்போதும் ஒரே மாதிரி காட்சிதான். வெறும் பள்ளத்தாக்கு, ஒரு மலை, ஒரு சாலை, மனித வாடையே கிடையாது. 'தீண்டப்படாத இயற்கை' என்று எழுதியும் விடுகிறார்கள். இதில் பாதி பொய்.

வடகரையில் பெட்டிஹில் என்ற ஊருக்குத் தெற்கே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் வரிசையாகக் கிராமங்கள் இருந்த இடம். 1814-லும் 1819-லும் சதர்லாந்து பண்ணையின் ஆட்கள் அங்கிருந்த குடும்பங்களை வெளியேற்றினார்கள். வீடுகளின் கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். காரணம், செம்மறி ஆடு வளர்த்தால் வருமானம் அதிகம். பேட்ரிக் செல்லர் என்ற பண்ணை அதிகாரி மேல் 1816-ல் இன்வர்னெஸில் வழக்கு நடந்தது. விடுதலையாகிவிட்டார். விரட்டப்பட்டவர்கள் கடற்கரையில் ஒட்டுத்துண்டு நிலங்களில் ஒதுங்கினார்கள். பலர் கடல் தாண்டியே போய்விட்டார்கள். ரோசல் என்ற கிராமத்தின் சுவர்க் கற்கள் இன்றும் புல்லுக்குள் கிடக்கின்றன.

அதனால் அங்கே ஆளில்லாமல் இருப்பதெல்லாம் இயற்கையின் வேலை அல்ல. இது தெரிந்த பிறகு அதே பள்ளத்தாக்கு வேறு மாதிரி தெரியும். ஆனால் நாளைக்கு 129 மைல் திட்டத்தில் இதற்கு எங்கே நேரம்? சாலையை விட்டு விலகி இரண்டு மணி நேரம் செலவழிக்க வேண்டும். பெட்டிஹில் பழைய தேவாலயத்தில் இருக்கிற அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர் ஒரு படத்தைத்தான் பார்த்தார், இடத்தைப் பார்க்கவில்லை.

பாறைகளும் இப்படித்தான். அல்லாபூலுக்கு வடக்கே நாக்கன் கிராக் என்ற பாறைச் சரிவில் பழைய பாறை மேலேயும் புதிய பாறை கீழேயும் இருக்கிறது. தலைகீழ்! பெரிய பெரிய அறிஞர்களெல்லாம் பல ஆண்டுகள் சண்டை போட்ட விஷயம் இது. சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தட்டுகள் மோதியபோது பழைய பாறை அடுக்கு புதியதன் மேல் ஏறிவிட்டது. பென் பீச், ஜான் ஹார்ன் என்ற இருவர் மலை மலையாக நடந்து வரைபடம் போட்டு, 1907-ல் முழு விவரத்தையும் வெளியிட்டார்கள். அவர்கள் வருடக்கணக்கில் நடந்த இடத்தை இருபது நிமிடத்தில் கடந்துவிட்டு, "மேற்கு ஹைலேண்ட்ஸ் பார்த்தாச்சு" என்றால் என்ன சொல்வது?

"அவர்களுக்கும் வருமானம்தானே?"

நியாயமான கேள்வி. அந்தப் பகுதிக்கு வேலையும் பணமும் வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வழியை உருவாக்கினார்கள். இளைஞர்கள் ஊரை விட்டுப் போகிற இடத்தில் ஒரு விடுதியும் ஒரு தேநீர்க் கடையும் கூடுதலாக நடந்தால் நல்லதுதான். வராதீர்கள் என்று அங்கே எல்லோரும் சொல்லவில்லை.

ஆனால் எந்தப் பயணியிடமிருந்து வருமானம்? இன்வர்னெஸ் சூப்பர் மார்க்கெட்டில் நான்கு நாள் சாப்பாட்டை நிரப்பிக்கொண்டு, வண்டியிலேயே தூங்கி, கழிவை ஓடையோரத்தில் கொட்டிவிட்டுப் போகிறவரால் கிராமத்துக்குக் கிடைப்பது குப்பை மட்டும்தான். கேட்டால் "ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம், சட்டமே இருக்கு" என்பார்கள். 2003-ம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடக்கவும், கூடாரம் போடவும்தான் உரிமை தருகிறது. மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை கிடையாது. பாதிச் சட்டத்தை மட்டும் படிப்பது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம்!

ஃபோடர்ஸ் என்ற பயண வழிகாட்டி நிறுவனம், 2025-க்காக வெளியிட்ட 'யோசித்துப் போக வேண்டிய இடங்கள்' பட்டியலில் இந்த வழியையும் சேர்த்தது. அதே பட்டியலில் கேரளாவும் இருந்தது. கூட்டம் தாங்காத நிலை எல்லா இடத்துக்கும் வருகிறது என்பதற்காகச் சொல்வது.

அப்படியானால் எப்படித் திட்டம் போடுவது?

ஒரு வாரம்தான் விடுமுறை என்றால் முழு வட்டத்தை மறந்துவிடலாம். இன்வர்னெஸிலிருந்து அல்லாபூலுக்கு 57 மைல், நல்ல சாலை. அங்கே மூன்று இரவு, வடக்கே டர்னெஸ் பக்கம் மூன்று இரவு. ஒரே வீட்டில் தங்கி, தினமும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பலாம். நாக்கன் கிராக், 1984-ல் திறந்த கைல்ஸ்கூ வளைவுப் பாலம், சூல்வன் மலை, ஸ்மூ குகை, ஒரு பகல் ஸ்ட்ராத்நேவர். இதுவே ஒரு வாரத்துக்குப் போதும். கிழக்குப் பாதி இன்னொரு முறைக்கு இருக்கட்டும். 2024-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்த ஃப்ளோ கன்ட்ரி கரிச்சதுப்பு அந்தப் பக்கம்தான்.

வண்டி சின்னதாக இருக்கட்டும். ஜூன் மாதம் பதினெட்டு மணி நேரம் பகல். டிசம்பரில் ஆறரை மணி நேரம்கூட முழுசாக இருக்காது. கோடையில் மிட்ஜ் என்ற பொடிக் கொசு பிய்த்துவிடும், மே மாதத் தொடக்கம் பரவாயில்லை. பெட்ரோல் டாங்க் பாதி ஆனதும் கிடைக்கிற இடத்தில் நிரப்பிவிட வேண்டும். ஆப்பிள்கிராஸில் பெட்ரோல் நிலையத்தை ஊர் மக்களே சேர்ந்து நடத்துகிறார்கள், அங்கே நிரப்பினால் அது அந்த ஊருக்கே போகும். செல்போன் சிக்னலை நம்பாமல் காகித வரைபடம் ஒன்று கையில் இருப்பது நல்லது. சாப்பாட்டை ஊர்க் கடையில் வாங்கலாம். விலை கொஞ்சம் கூடத்தான். அந்தக் கூடுதல் காசில்தான் குளிர்காலத்தில் அந்தக் கடை திறந்திருக்கிறது.

500 என்ற எண்தான் எல்லாவற்றுக்கும் மூலம். ஒரு இடத்துக்கு எண்ணைப் பெயராக வைத்தால் அதை முடித்தே தீர வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் அரைகுறையாக விடை எழுதுகிற மாணவனின் பதற்றம் அது. பயணத்துக்கு யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை. அல்லாபூலில் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு வந்தவரிடம் "ஜான் ஓ'குரோட்ஸ் பார்க்கலையா?" என்று யாராவது கேட்டால், "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதில் ஒரு நஷ்டமும் இல்லை.