கோப்பைச் சுருக்க எது நல்லது?

கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை ஒன்று உண்டு.

கணக்கு, கடிதம், பட்டியல் என்று 40 கோப்புகள் இருக்கின்றன. அவற்றை வேறு ஊருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றாகச் சேர்த்தால் இரண்டு மூன்று விட்டுப்போகின்றன. மொத்தமாகச் சேர்த்தால் அளவு மிஞ்சிவிடுகிறது. ஜிமெயிலில் ஒரு கடிதத்துடன் 25 மெகாபைட்டுக்கு மேல் இணைக்க முடியாது.

இந்தத் தொல்லையைத் தீர்க்க ஏற்பட்டதுதான் கோப்புச் சுருக்கும் மென்பொருள். அது பல கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டும், அளவையும் குறைக்கும்.

ஆனால் எதை வைத்துக்கொள்வது? காசு கொடுத்து வாங்க வேண்டுமா? எது பத்திரம்?

சுருங்குவது எப்படி?

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

500 பேரின் முகவரிப் பட்டியலில் "தஞ்சாவூர் மாவட்டம்" என்பது 500 தடவை வருகிறது. மென்பொருள் அதை ஒரு தடவை எழுதிக்கொள்ளும். மற்ற இடங்களில், "முன்னே வந்ததே மீண்டும்" என்று சிறு குறி போட்டுவிடும். இந்த வழியை 1977-ல் வெளியிட்டவர்கள், இஸ்ரேல் நாட்டு அறிஞர்களான ஆபிரகாம் லெம்பல், ஜேக்கப் ஜிவ் ஆகிய இருவர். கட்டைப் பிரித்தால் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் பழையபடி வந்துவிடும்.

ஆகவே எழுத்தும் எண்ணும் நிறைந்த கோப்பு நன்றாகச் சுருங்கும். செல்போனில் எடுக்கும் ஜேபெக் படமும், எம்பி-4 வீடியோவும் அப்படி அல்ல. அவை முன்பே சுருக்கப்பட்டவை. அவற்றை மறுபடி சுருக்குவது, பிழிந்து காய்ந்த துணியை மறுபடி பிழிவது போன்றது. கல்யாணப் படங்கள் சுருங்கவில்லையே என்று மென்பொருளைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

மூன்று வகை

முதலாவது ஜிப். 1989-ல் அமெரிக்கரான பில் காட்ஸ் கொண்டுவந்தது. கட்டின் அமைப்பை அவர் எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட்டார். ஆகையால் அது உலகெங்கும் பரவியது. விண்டோஸ், மேக் கம்ப்யூட்டர்கள் ஜிப் கட்டைத் தாமே கட்டும், தாமே பிரிக்கும். தனி மென்பொருள் தேவை இல்லை.

இரண்டாவது ரார். ரஷியரான யூஜின் ரோஷல் 1993-ல் உருவாக்கியது. இதைக் கட்டும் மென்பொருள் வின்ரார். 40 நாள் இலவசமாகப் பார்க்கலாம். அதற்குமேல் பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டும். கட்டு சிறிது கெட்டுப்போனாலும் சரிசெய்துகொள்ள இதில் வசதி உண்டு.

மூன்றாவது 7-ஜிப். ரஷியரான இகோர் பாவ்லோவ் 1999-ல் வெளியிட்டது. வீட்டுக்கும் இலவசம், அலுவலகத்துக்கும் இலவசம். இதன் 7-இசட் கட்டு, பெரும்பாலும் ஜிப்பைவிடச் சிறியது. ஆனால் கட்டுவதற்கு நேரம் கூடுதலாகும்.

பெறுகிறவரை நினைக்க வேண்டும்

கட்டு சிறியதாக இருந்தால் மட்டும் போதாது. பெறுகிறவர் பிரிக்க முடியாவிட்டால் என்ன பயன்? 7-இசட், ரார் கட்டுகளைத் தானாகப் பிரிக்கும் வசதி விண்டோஸ் 11-க்கு 2023-ல்தான் வந்தது. அதற்கு முந்திய கம்ப்யூட்டர்கள் இன்னும் எத்தனையோ கடைகளிலும் பள்ளிகளிலும் இருக்கின்றன. 2 மெகாபைட் மிச்சம் பிடித்துவிட்டு, "எப்படித் திறப்பது?" என்று நாலு தடவை போன் வந்தால் அது சிக்கனம் ஆகாது.

ஆகவே பிறருக்கு அனுப்ப ஜிப். தனக்கென்று சேர்த்துவைக்க 7-இசட். அன்றாட வேலைக்கு இந்த இரண்டும் போதும். காசு செலவு இல்லை.

மக்களிடம் ஆவணம் கேட்கும் அலுவலகங்களும் இதைக் கவனிக்க வேண்டும். எல்லோராலும் கட்டக்கூடிய ஜிப்பை ஏற்பதே முறை. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் இருந்தால்தான் மனுச் செய்யலாம் என்ற நிலை ஏழைகளுக்கு அநீதி.

ஏமாறக்கூடாது

சிலர் 40 நாள் முடிந்ததும் திருட்டுப் பிரதியைத் தேடிப் போகிறார்கள். இலவசமாக நல்ல மென்பொருள் இருக்கும்போது திருட்டு எதற்கு? அப்படிப்பட்ட பிரதிகளுடன் வைரசும் வந்து சேருவதுண்டு. மென்பொருளை அதைச் செய்தவரின் சொந்த இணையதளத்திலிருந்து எடுப்பதே பத்திரம்.

பழைய பிரதியை அப்படியே வைத்திருப்பதும் ஆபத்து. 2023-ல் வின்ராரில் இருந்த ஓர் ஓட்டையைத் திருடர்கள் பயன்படுத்தினார்கள். கட்டுக்குள் படம்போலத் தெரிந்ததைத் திறந்தவர்களின் கம்ப்யூட்டரில் தீய நிரல் புகுந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த 6.23 பதிப்பில் ஓட்டை அடைக்கப்பட்டது. ஆனால் வின்ராரும் 7-ஜிப்பும் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. உரியவர்தான் புதிய பதிப்பைப் போட வேண்டும்.

பூட்டும் சாவியும்

சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு போன்றவற்றைப் பூட்டி அனுப்புவது நல்லது. பழைய ஜிப் பூட்டு பலவீனமானது. 7-ஜிப்பில் ஏஇஎஸ்-256 என்ற பூட்டு உண்டு. அதைப் போட வேண்டும். பெறுகிறவரிடமும் 7-ஜிப் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்வது நலம். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதுவது, பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவதற்குச் சமம். அதைப் போனில் சொல்லலாம்.

நல்ல கடவுச்சொல் மறந்துபோனால் திறக்க வழி இல்லை. செய்தவரே வந்தாலும் முடியாது. ஆகையால் அதை ஒரு நோட்டில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும்.

கட்டி முடித்ததும் மூலக் கோப்பை உடனே அழிக்கக்கூடாது. கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அழிக்கலாம். பல வருடத்துக் கணக்கு, ஒரு நிமிட அவசரத்தில் போய்விடும். போனபின் எந்த மென்பொருளும் அதைக் கட்டித் தராது.