சேலஞ்சர் தெரியும், பாதாளச் சாக்கடை தெரியாதா?

முதலாம் ஆண்டு பொறியியல் மாணவர்களுக்கு அறிமுகப் பயிற்சி நடத்த வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. சொன்ன ஏற்பாடு. கல்லூரிகளும் நடத்துகின்றன. ஒருநாள் தொடர்புத் திறன் பற்றிப் பேசுகிறார்கள். மறுநாள் தொழில் அறம் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டிலும் சாதி என்ற சொல் மட்டும் வராது. ஆனால் இரண்டுக்குள்ளும் சாதி உட்கார்ந்திருக்கிறது என்கிறோம் நாங்கள்.

'செல்ஃப் இன்ட்ரோ' என்று மாணவரை எழுப்பி நிறுத்துகிறார்கள். பெயர் என்ன, சொந்த ஊர் எது, அப்பா என்ன வேலை, கட்-ஆஃப் எவ்வளவு? ஆங்கிலம் பழகத்தான் என்கிறார்கள். இந்த நான்கையும் சேர்த்துக் கேட்டால் தெரியவருவது ஆங்கிலமா, சாதியா? சக மாணவரிடம் ஜே.இ.இ. ரேங்க் கேட்காதீர்கள், சாதியை வெளிப்படுத்தும் எதையும் கேட்காதீர்கள் என்று ஐ.ஐ.டி. பம்பாயே 2023இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அங்கே கேட்கக்கூடாது என்றதை இங்கே பயிற்சியாக நடத்துகிறார்கள்.

7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை இரண்டு வரி திக்கினால் போதும், 'கம்யூனிகேஷன் வீக்' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். ஆங்கிலம் கற்போம், அது நமக்கு ஆயுதம். ஆனால் பேசத் தெரியாதவர்கள் என்ற பட்டம் நமக்குப் பொருந்தாது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' தொடங்கினார். கேட்க மறுத்தவர்களைக் கேட்கவைத்த மரபு நம்முடையது. அதைவிடப் பெரிய தொடர்புத் திறன் என்ன இருக்கிறது?

அடுத்தது அறம். பாடத்தில் சேலஞ்சர் விண்கலம் வரும். 1986 ஜனவரி 28 அன்று, குளிரில் இறுகிய ரப்பர் வளையம் சரியாக அடைக்காததால் 7 பேர் இறந்தார்கள். முந்தைய இரவே பொறியாளர்கள் எச்சரித்தார்கள், மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. படிக்க வேண்டிய பாடம்தான். ஆனால் கல்லூரி வாசலுக்கு வெளியே சாலைக்கு அடியில் ஓடும் பாதாளச் சாக்கடை ஏன் பாடமாகவில்லை?

அதை வடிவமைத்தவர் பொறியாளர். மதிப்பீடு போட்டவர் பொறியாளர். ஒப்பந்தக்காரரின் பில்லில் கையெழுத்திடுபவரும் பொறியாளர்தான். அடைப்பு எடுக்க உள்ளே இறங்கி விஷவாயுவில் சாகிறவர் மட்டும் பெரும்பாலும் நம் ஆள். சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ அபாயகரமான முறையில் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல்முறை என்றாலே 2 ஆண்டு வரை சிறை உண்டு. 1993 முதல் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டமும் தீர்ப்பும் இருந்தும் சாவு நிற்கவில்லை. நாளை சிவில் பொறியாளராகக் கையெழுத்திடப் போகிறவருக்கு இந்தச் சட்டத்தின் பெயராவது தெரியுமா?

சேலஞ்சர் பொறியாளர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி. அவர்கள் தோற்றது உச்சரிப்பில் இல்லை. கீழே இருப்பவர் சொன்னதை மேலே இருப்பவர் மதிக்கவில்லை. நம் நாட்டில் அந்த மேல் கீழுக்குச் சாதி என்று பெயர். அதைப் பேசாத அறவகுப்பு வெறும் சடங்கு. 'ஆள் இறங்கும் வேலைக்கு நான் கையெழுத்திட மாட்டேன்' என்று அதிகாரியிடம் சொல்லும் தெம்பைத் தராத தொடர்புத் திறன் வெறும் டை கட்டும் பயிற்சி.

நம் கோரிக்கைகள் எளியவை. அறிமுகத்தில் அப்பாவின் வேலையும் கட்-ஆஃப்பும் கேட்கக்கூடாது. தமிழிலும் பேச இடம் வேண்டும். பாதாளச் சாக்கடை மரணங்களும் 2013 சட்டமும் அறப் பாடத்தில் வரவேண்டும். சாதிப் பாகுபாடு நடந்தால் யாரிடம் புகார் தருவது என்பதை முதல் நாளே மேடையில் அறிவிக்க வேண்டும்.

தம்பி, தங்கைகளே, 'எனி டவுட்ஸ்?' என்று கேட்பார்கள். எழுந்து நின்று தமிழிலேயே கேளுங்கள்: 'சார், சாக்கடைக்குள்ள ஆளை இறக்குறதைப் பத்தி எப்ப பாடம் எடுப்பீங்க?'

ஜெய்பீம்!