பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

கதிர் வரும் தருணத்தில் நெல் வயலின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்து நிற்கிறது. புகையான் விழுந்திருக்கிறது. வரப்பில் கூடியவர்கள் தூரைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே குற்றவாளி யார் என்பது முடிவாகிவிடுகிறது. 'பக்கத்து வயல்காரர் மருந்தடிக்கவில்லை, அங்கிருந்துதான் வந்தது' என்பார் ஒருவர். 'கடைக்காரர் கொடுத்தது போலி மருந்து' என்பார் மற்றவர். மூன்றாமவர் விதையைக் குறை கூறுவார். ஆளுக்கொரு பலிகடா.

இதனால் வரப்புச் சண்டை வருவது கூடப் பெரிதல்ல. பழி விழுந்த அந்த நிமிடமே விசாரணை நின்றுவிடுகிறது என்பதுதான் பெரும் நஷ்டம். உண்மைக் காரணம் வயலிலேயே தங்கி, அடுத்த போகத்திலும் தன் வேலையைச் செய்கிறது.

சீனாவில் ஒரு நாடே இந்தத் தவற்றைச் செய்தது. 1958-ல் எலி, ஈ, கொசு ஆகியவற்றோடு சிட்டுக்குருவியையும் சேர்த்து, ஒழிக்க வேண்டிய நான்கு பகைகள் என்று அறிவித்தார்கள். குருவி தானியம் தின்கிறது, ஆகவே அதை ஒழித்தால் தானியம் மிஞ்சும் என்பது கணக்கு. மக்கள் தகரத்தையும் பாத்திரத்தையும் தட்டி, குருவிகளை எங்கும் உட்காரவிடாமல் விரட்டினார்கள். பறந்து களைத்து அவை செத்து விழுந்தன. குருவி தானியம் தின்பது பொய்யல்ல. ஆனால் குஞ்சுகளுக்கு அது ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியுமே. குருவியின் வயிற்றை அறுத்துப் பார்த்த அறிஞர்கள் இதை எடுத்துச் சொன்னார்கள். 1960-ல் குருவியை நீக்கிவிட்டு மூட்டைப்பூச்சியைப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த ஆண்டுகளில் அங்கே நேர்ந்த பெரும் பஞ்சத்துக்குக் குருவி வேட்டையே காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் இதே பிழைதான். இல்லாத விளைச்சலை இருப்பதாகக் காட்டிய கணக்குக்கும், அதன்படி நடந்த கட்டாயக் கொள்முதலுக்கும் அதில் பெரும் பங்குண்டு.

இனிப் புகையானைப் பார்க்கலாம். பக்கத்து வயலிலிருந்து சிறகுள்ள பூச்சி பறந்து வருவது உண்மையே. வந்த பூச்சி தங்கிப் பெருக இடம் கொடுத்தது எது? அளவுக்கு மிஞ்சிய யூரியா, நெருக்கமான நடவு, வடிக்காமல் தேக்கிய தண்ணீர், காற்றும் வெளிச்சமும் புகாத தூர்ப்பகுதி. இவை எல்லாம் சொந்த வரப்புக்குள் நடந்தவை. மருந்து போலி என்று அடித்துச் சொல்பவரும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்து அசலாக இருந்தாலும் புகையான் பெருகக்கூடும். அதன் முட்டை இலையுறைக்குள் செருகியிருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். புகையானைத் தின்னும் சிலந்தியும், முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் மருந்தில் மடிந்துவிடும். செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகள் இதில் பேர்போனவை. இந்தோனேசிய அரசு 1986-ல் நெற்பயிருக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ததும் இது கண்டுதான்.

அதற்காக எவர் மீதும் குற்றமே இல்லை என்பதல்ல. விதை முளைக்காவிட்டால் விற்றவரைக் கேட்கத்தான் வேண்டும். ரசீது, விதை அட்டை, மிச்ச விதை மூன்றையும் பத்திரப்படுத்தி வேளாண்மை அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு முன், அதே விதையை வாங்கிய மற்றொருவர் வயலையும் பார்த்துவிட வேண்டும். அங்கே பயிர் நன்றாக இருந்தால், இரண்டு வயலுக்கும் வேறு என்ன வித்தியாசம் என்று தேடுவதே முறை. மருந்தடிக்காத பக்கத்து வயலில் புகையான் குறைவாக இருந்தால், அவர் மீது சுமத்திய பழி என்னாவது?

அடுத்த நடவில் எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நடலாம். தழைச்சத்தைப் பிரித்து இட்டு, தண்ணீரை அவ்வப்போது வடிக்கலாம். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி இருந்தால்தான் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரும்வரை பொறுக்கலாம். எண்ண வேண்டிய இடம் தூரின் அடிப்பகுதி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. அது வரப்பில் நின்றால் தெரியாது.