மொழியறியாமல் நிலமறிவதோ?

ஒரு நிலத்தை முழுதும் அறிய வேண்டுமாயின் அதன் பருவம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில், மாந்தர் ஒழுகலாறு ஆகிய அனைத்தையும் ஒருங்கு வைத்துக் காணல் வேண்டும். முதல், கரு, உரி என வகுத்துத் தொல்காப்பியர் காட்டிய நெறி இதுவே.

மேலைப் பல்கலைக்கழகங்கள் இந் நெறிக்கு மிகப் பிந்தியே வந்தன. 1948-இல் அமெரிக்கப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நார்மன் பிரௌன் என்னும் சமற்கிருத அறிஞர் தென்னாசியவியல் துறையைத் தோற்றுவித்தார். தனித்தனியே நின்ற வரலாறும் மொழியும் குமுகவியலும் ஒரு நிலப்பரப்பை நடுவாகக் கொண்டு அங்கு ஒன்றுகூடின. 1957-இல் சோவியத்து உருசியா முதற் செயற்கைக்கோளை வானில் ஏவியது. அமெரிக்கா திடுக்கிட்டது. மறு ஆண்டே நாட்டுக் காப்புக் கல்விச் சட்டம் பிறந்தது. அயன்மொழிகளைக் கற்பிக்க அரசின் பணம் பாய்ந்தது. இதற்குக் கரணியம் மொழிப்பற்றன்று, தற்காப்பு அச்சமே. எனினும், அவ் வச்சம் திறந்துவிட்ட வாயில் வழியே தமிழும் அங்கு வகுப்பறை புகுந்தது.

இன்று அமெரிக்காவில் கணிப்பொறியியலையோ உயிரியலையோ முதன்மையாகக் கற்கும் மாணவரும் தென்னாசியவியலைத் துணைப்பாடமாகக் கொள்ளலாம். வரலாற்றில் ஒன்று, சமயத்தில் ஒன்று, இலக்கியத்தில் ஒன்று, அரசியலில் ஒன்று என ஐந்தாறு பாடங்கள் போதும். ஏற்பாடு நன்றே. ஆனால், மொழியொன்றும் கல்லாமலே இதனை முடித்துவிடச் சில இடங்களில் வழியுண்டு. அங்ஙனம் முடித்தவர் அறிந்தது என்ன? பிறர் சமைத்ததன் மணத்தை மட்டுமே!

மொழிபெயர்ப்பே போதும் என்பாரும் உளர். 'திணை' என்னும் ஒரு சொல்லை அவர்கள் பெயர்த்துக் காட்டட்டும். நிலம் என்றால் ஒழுக்கம் விடுபடும். ஒழுக்கம் என்றால் குடி விடுபடும். ஒரு சொல்லுக்கே இந் நிலையெனில், ஓரினத்தின் வாழ்வுக்கு எந்நிலை? இன்னொரு தீங்கும் உண்டு. மொழியை நீக்கிய தென்னாசியவியலில் வடக்கே முழுவுருவாகவும் தெற்கு அதன் நிழலாகவும் தோன்றும்.

ஆர்வர்டில் தமிழிருக்கை அமைய உலகத் தமிழர் ஈந்த தொகை 2018-இல் 60 இலக்கம் தாலரை எட்டியது. பெருஞ்செயலே! ஆயினும், இருக்கை ஆசிரியரைத்தான் அமர்த்தும். எதிரே அமர வேண்டியவர் மாணவர் அல்லரோ? மாணவரில்லா வகுப்பை எந்தப் பல்கலைக்கழகமும் நெடுநாள் தாங்காது.

ஆதலின், அயல்நாட்டில் பயிலும் தமிழ் இளைஞர் தென்னாசியவியலைத் துணைப்பாடமாகக் கொள்க. அதனுள் தமிழையே மொழிப்பாடமாகக் கொள்க. பெற்றோர் பொருள் ஈந்ததோடு அமையாது, பிள்ளைகளையும் அவ் வகுப்பிற்கு அனுப்புக! நிலத்தின் திறவுகோல் மொழி. அதனைக் கையிற் கொள்ளாதவர், எத்துணைப் பாடம் பயின்றும், வாயிற்புறத்தே நிற்பவரே ஆவர்.